மே ஹோங் சோன் சுற்று: வடதாய்லாந்தில் முதல் முறை பைக்கில் போகிறவர்களுக்கு

வடதாய்லாந்தில் பாய் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. படுக்கிற பாய் இல்லை. ஆனால் போனவர்கள் நாலு நாள் படுத்துக் கிடந்துவிட்டு வருகிற ஊர்தான். சாயங்காலம் அதன் கடைத்தெருவில் அரை மணி நேரம் நடந்தால், முழங்காலில் வெள்ளைக் கட்டும் முழங்கையில் மருந்துக் கறையுமாக வெளிநாட்டுப் பயணிகள் நொண்டிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். பேச்சுக் கொடுத்தால் தெரியும், பாதிப் பேர் முந்தின நாள் பக்கத்துப் பெருநகரமான சியாங் மாயில்தான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஸ்கூட்டரைத் தொட்டிருப்பார்கள்.

நமக்கு அந்தப் பிரச்சினை இல்லை. கல்லூரிக்குப் போகும் முன்பே வண்டி ஓட்டப் பழகிவிடுகிறோம். நம் பிரச்சினை வேறு: தூரக் கணக்கு. முதல் தடவை போனபோது நான் சியாங் மாயிலிருந்து பாய் வழியாக மே ஹோங் சோனுக்கு ஒரே நாளில் போய்விடலாம் என்று நினைத்தேன். 240 கிலோமீட்டர். சென்னையிலிருந்து விழுப்புரம் தாண்டிப் போகிற கணக்கில், ஐந்து மணி நேரம் போதும் என்று பத்தரை மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பினேன். பாயில் மதியச் சாப்பாடு சாப்பிடும்போதே மூன்று மணி. சோப்போங் வருவதற்குள் இருட்டிவிட்டது. முகப்பு விளக்கு வெளிச்சத்தில் அடுத்த வளைவு மட்டும் தெரிகிறது, கை விறைத்துப்போய் பிரேக் எங்கே இருக்கிறது என்றே உணர்வில்லை. வழியில் கண்ணில் பட்ட முதல் விடுதியில் வண்டியை நிறுத்தினேன். அந்த அம்மா என் கையைப் பார்த்துவிட்டு, அறை வாடகையைப் பேசும் முன்பே வெந்நீர் கொண்டுவந்து வைத்தார்.

அன்றைக்குக் கற்றுக்கொண்டதுதான் இந்தக் கட்டுரை முழுக்க வரப்போகிறது: சின்ன வண்டி எடுங்கள், சின்ன தூரம் போங்கள், மலை ஏற ஏற தூரத்தைக் குறையுங்கள்.

எந்தச் சுற்று, ஏன் இது

தாய்லாந்தில் பைக் பயணத்துக்குப் பாதைகள் நிறைய. நான் வழி காட்டப்போவது மே ஹோங் சோன் சுற்று. சியாங் மாயில் தொடங்கி, பர்மா எல்லையை ஒட்டிய மே ஹோங் சோன் மாகாணத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடி சியாங் மாய்க்கே வருகிற சுமார் 600 கிலோமீட்டர். இதில் 1,864 வளைவுகள் என்பது அங்கே பனியன்களில் அச்சடித்து விற்கும் எண். சியாங் மாய்க்கும் பாய்க்கும் இடையே மட்டும் 762. நம் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு எண் போட்ட பலகை வைத்திருப்பார்கள். இங்கே அப்படி எதுவும் கிடையாது, எண்ணுவது உங்கள் பொறுப்பு.

புதியவர்களுக்கு இது ஏற்றது என்பதற்குக் காரணம், சாலை முழுக்க நல்ல தார்ச்சாலை. 50, 60 கிலோமீட்டருக்கு ஒரு ஊர், அதில் பெட்ரோல், சாப்பாடு, தங்க இடம் எல்லாம் கிடைக்கும். வழி தவறவும் முடியாது. இரண்டே எண்களை நினைவில் வைத்தால் போதும்: வடக்குப் பாதி 1095, தெற்குப் பாதி 108. தாய்லாந்து நெடுஞ்சாலை எண்களில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதல் இலக்கம் பகுதியைச் சொல்லும்; 1 என்றால் வடக்கு, 2 வடகிழக்கு, 3 நடுப்பகுதியும் கிழக்கும், 4 தெற்கு. இலக்கங்கள் கூடக்கூட சாலை சின்னதாகும். நான்கு இலக்கச் சாலை என்றாலே வளைவும் ஏற்றமும் அதிகம் என்று மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

எப்போது போவது

நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை. வேறு யோசனை வேண்டாம். மழைக்காலத்தில், அதாவது ஜூனிலிருந்து அக்டோபர் வரை, மலைகள் பச்சைப் பசேலென்று இருக்கும், அறை வாடகையும் இறங்கும். ஆனால் வளைவில் சேறு, மண்சரிவு. பழகியவர்களுக்கு விட்டுவிடலாம். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை காட்டையும் வயலையும் கொளுத்துகிற பருவம். அந்த வாரங்களில் உலகிலேயே காற்று மோசமான நகரங்களின் பட்டியலில் சியாங் மாய் முன்வரிசைக்கு வந்துவிடும். மலை உச்சியில் நின்றால் எதிர்மலை தெரியாது. பிறகு ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான் புத்தாண்டு. அந்த ஒரு வாரத்துக்கு 'ஆபத்தான ஏழு நாட்கள்' என்று அரசே பெயர் வைத்து விபத்துக் கணக்கு அறிவிக்கிறது. போதையில் ஓட்டுகிறவர்கள் ஒரு பக்கம், ஓடும் பைக் மேல் வாளித் தண்ணீரை வீசுகிறவர்கள் இன்னொரு பக்கம். ஊருக்குள் நடந்துபோய்க் கொண்டாடுங்கள், வண்டியைத் தொடாதீர்கள்.

டிசம்பர், ஜனவரியில் பாய் பக்கம் இரவில் 10 டிகிரிக்குக் கீழேயும் போகும். தாய்லாந்து என்றதும் பனியனும் அரைக்கால் சட்டையும் மட்டும் எடுத்துவைக்கிறவர்கள்தான் அதிகம். ஒரு ஸ்வெட்டரும் காற்றைத் தடுக்கும் ஜாக்கெட்டும் வேண்டும்.

லைசென்ஸ்: இதை ஊரிலேயே முடிக்க வேண்டும்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வாடகைக் கடைக்காரர் பெரும்பாலும் லைசென்ஸ் கேட்க மாட்டார். கேட்கப்போவது இரண்டு பேர்: சோதனைச் சாவடி போலீஸ்காரர், விழுந்தபிறகு இன்சூரன்ஸ் கம்பெனி. முன்னவரிடம் அபராதம் கட்டிவிட்டுப் போகலாம். பின்னவரிடம் ஒன்றும் நடக்காது.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு சர்வதேச ஓட்டுநர் அனுமதி, சுருக்கமாக ஐடிபி, தேவை. உங்கள் ஆர்டிஓ அலுவலகம்தான் தரும். பரிவாஹன் தளத்தில் விண்ணப்பித்து, 1,000 ரூபாய் கட்டி, பாஸ்போர்ட், பயணச்சீட்டு நகல்களோடு நேரில் போக வேண்டியிருக்கும். ஒரு வருடம் செல்லும். வெளிநாட்டில் இறங்கியபிறகு வாங்க வழியில்லை. கையில் வாங்கியதும் ஒன்றைச் சரிபாருங்கள்: மோட்டார் சைக்கிளுக்கு உரிய 'ஏ' பிரிவில் முத்திரை இருக்கிறதா? கார் லைசென்ஸ் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு 'பி' மட்டும்தான் விழும். அதை வைத்துக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டினால் லைசென்ஸே இல்லாததற்குச் சமம்.

மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இந்த வேலை மிச்சம். ஆசியான் நாடுகள் 1985இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி அவர்களின் லைசென்ஸ் தாய்லாந்தில் செல்லும். அதிலும் மோட்டார் சைக்கிள் பிரிவு இருக்க வேண்டும், அவ்வளவுதான். இலங்கையிலிருந்து போகிறவர்கள் ஐடிபி எடுத்துக்கொண்டு போங்கள்.

அப்புறம் பயண இன்சூரன்ஸ். விலையைப் பார்த்து வாங்காமல், மோட்டார் சைக்கிள் ஓட்டுவது அடங்குமா, எத்தனை சிசி வரை என்ற வரியைத் தேடிப் படியுங்கள். ஹெல்மெட் இல்லாமலோ உரிய லைசென்ஸ் இல்லாமலோ விழுந்தால் பணம் வராது என்று கிட்டத்தட்ட எல்லாப் பாலிசியிலும் பொடி எழுத்தில் இருக்கும். வாடகை வண்டியோடு வருவது 'போ ரோ போ' என்கிற கட்டாயக் காப்பீடு மட்டும். அடிபட்டவருக்கு, யார் தவறு என்று பார்க்கும் முன் 30,000 பாட் (தாய்லாந்து நாணயம்) வரை மருத்துவச் செலவு தரும், அதிகபட்சம் 80,000. வண்டிக்கு ஆகிற சேதமோ திருட்டோ அதில் அடங்காது. அது உங்கள் தலையில்தான்.

போய்ச் சேருவது

சென்னையிலிருந்து பாங்காக்குக்கு நேரடி விமானம் மூன்றரை மணி நேரம். விசா விதிகள் அடிக்கடி மாறுவதால் டிக்கெட் போடும் வாரத்தில் தூதரகத் தளத்தில் பார்த்துவிடுங்கள். 2025 மே 1 முதல் எல்லா வெளிநாட்டவரும் டிஜிட்டல் வருகை அட்டையை, இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள், இணையத்திலேயே நிரப்ப வேண்டும். அது இலவசம், பணம் கேட்கிற தளம் போலித் தளம்.

பாங்காக்கிலிருந்து சியாங் மாய்க்கு விமானம் ஒன்றேகால் மணி நேரம். எனக்குப் பிடித்தது இரவு ரயில். குருங் தேப் அபிவாட் என்கிற புதிய மத்திய நிலையத்திலிருந்து சாயங்காலம் கிளம்பினால் காலையில் மூடுபனி படிந்த மலைகளுக்கு நடுவே கண் விழிக்கலாம். பாங்காக்கிலேயே வண்டி எடுத்து ஓட்டிக்கொண்டு போகிற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். 700 கிலோமீட்டர் லாரிகளோடு ஓடுவது விடுமுறை இல்லை.

வண்டி எடுப்பது

சியாங் மாய் பழைய நகரத்தைச் சுற்றி ஒரு சதுர அகழி இருக்கிறது. கிழக்கு வாசலான தா பே பக்கம் நடந்தால் தெருவுக்கு நாலு வாடகைக் கடை. மூன்று வகை வண்டி கிடைக்கும்.

ஹோண்டா கிளிக் மாதிரியான 125 சிசி ஆட்டோமேட்டிக் ஸ்கூட்டர், ஒரு நாளைக்கு 250, 300 பாட். தனியாளுக்குத் தாராளமாகப் போதும். ஹோண்டா வேவ்: இதற்கு கியர் உண்டு, கிளட்ச் கிடையாது. முன்பக்கம் மிதித்தால் கியர் ஏறும், பின்பக்கம் மிதித்தால் இறங்கும். பார்க்க பால்காரர் வண்டி மாதிரி இருக்கும், ஆனால் இந்த மலைக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்பேன்; காரணம் கீழே வருகிறது. இருவராகப் போனால் 150, 160 சிசி ஸ்கூட்டர் எடுங்கள், 400 முதல் 600 பாட். 500 சிசி பெரிய பைக்குகளும் 1,200 பாட்டுக்கு மேல் கிடைக்கும். ஊரில் அந்த எடையை ஏற்கெனவே ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் அது. படம் எடுக்க நன்றாக இருக்கும் என்று 200 கிலோ வண்டியை எடுத்து, சரிவான மண் வாகனநிறுத்தத்தில் அதைத் திருப்ப முடியாமல் நின்ற ஒருவரை நாங்கள் மூன்று பேர் சேர்ந்து தள்ளிவிட்டிருக்கிறோம்.

கடையைத் தேர்ந்தெடுக்க என்னிடம் ஒரே அளவுகோல்தான்: பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்கிற கடை வேண்டாம். 3,000 பாட்டோ 5,000 பாட்டோ முன்பணமும் பாஸ்போர்ட் நகலும் வாங்கிக்கொள்கிற கடைகள் இருக்கின்றன. பாஸ்போர்ட் அவர்கள் மேசையறைக்குள் போய்விட்டால் பேரத்தில் உங்கள் கை தாழ்ந்துவிடும். எல்லைப் பகுதிச் சாவடிகளில் அதைக் காட்டச் சொல்வதும் உண்டு.

எடுக்கும் முன் வண்டியைச் சுற்றி வந்து ஒரு நிமிட வீடியோ எடுங்கள், கடைக்காரர் முன்னாலேயே. ஒரு தடவை நான் சோம்பல்பட்டு விட்டுவிட்டேன். திருப்பிக் கொடுக்கும்போது அடிப்பக்கத்தில் இருந்த பழைய கீறலுக்கு 1,500 பாட் பிடித்தார்கள். நான் பார்க்கவே பார்க்காத கீறல். வாதாட கையில் எதுவும் இல்லை. அதிலிருந்து குனிந்து அடிப்பக்கத்தையும் படம் பிடிக்கிறேன்.

பிறகு டயரை விரலால் தடவிப் பாருங்கள். நடுப்பகுதி வழுவழுவென்று தட்டையாகியிருந்தால் வேறு வண்டி கேளுங்கள். பிரேக்கை இரண்டு பக்கமும் பிடித்துப் பாருங்கள். கைப்பிடி வரை வந்து முட்டக் கூடாது. விளக்கு, இண்டிகேட்டர், ஹாரன். அவர்கள் தருகிற ஹெல்மெட் பெரும்பாலும் சட்டிதான். தலையை ஆட்டினால் அது தனியாக ஆடும். சியாங் மாயிலேயே 1,000 பாட் சுமாருக்கு முகம் மூடுகிற புது ஹெல்மெட் கிடைக்கிறது. மொத்தப் பயணத்தில் நான் மனம் கோணாமல் செய்கிற செலவு அது.

முழங்கால் மறைக்கிற தடித்த பேன்ட், ஷூ, கையுறை. செருப்பு வேண்டாம். வண்டியிலிருந்து எப்போதும் இடப்பக்கமாக இறங்குங்கள். வலப்பக்கம் சைலன்ஸர் கெண்டைக்காலைச் சுட்டுவிடும். அந்தத் தழும்புக்கு அங்கே 'தாய் டாட்டூ' என்றே பெயர்.

நாள் வாரியாக

எல்லோரும் முதல் நாளே பாய்க்குப் போவார்கள். நான் தலைகீழாகப் போகச் சொல்வேன். பாய் சாலையில் வளைவும் அதிகம், வேன் ஓட்டம் அதிகம். வண்டியும் கையும் பழகாத முதல் நாளில் அங்கே என்ன அவசரம்? தெற்கே 108இல் தொடங்கினால் சாலை அகலம், போக்குவரத்து குறைவு, மலை படிப்படியாகத்தான் ஏறும்.

வண்டி எடுத்த நாளில் சுமை இல்லாமல் சமோயெங் சுற்றை ஒரு தடவை ஓட்டிவிடுங்கள். மே ரிம், சமோயெங், ஹாங் டோங் வழியாக 100 கிலோமீட்டர் சுமார். மே ஹோங் சோனில் வரப்போகிறதெல்லாம் இதில் சின்ன அளவில் வந்துவிடும். வண்டியில் குறை இருந்தால் அன்றைக்கே கடைக்குத் திரும்பி மாற்றிக்கொள்ளலாம்.

முதல் நாள், சியாங் மாயிலிருந்து மே சரியாங், 190 கிலோமீட்டர். இதுதான் நீளமான நாள், ஆனால் ஹோட் ஊர் வரை பாதித் தூரம் சமவெளி. ஹோட் தாண்டியதும் ஓப் லுவாங் என்ற இடத்தில் ஆறு பாறையைப் பிளந்துகொண்டு ஓடுகிறது. மேலே ஒரு குறுகிய பாலம். கால் நீட்ட நல்ல இடம். பிறகு போ கேவ் பைன் காடு. மே சரியாங்கில் யுவாம் ஆற்றைப் பார்த்த விடுதிகள் உண்டு. சாயங்காலம் செய்ய எதுவும் இல்லாத ஊர். முதல் நாளுக்கு அதுதான் வேண்டும்.

இரண்டாம் நாள், மே ஹோங் சோன், 165 கிலோமீட்டர். நடுவே குன் யுவாமில் மதியம். இரண்டாம் உலகப் போரில் பர்மாவிலிருந்து பின்வாங்கிய ஜப்பானிய வீரர்கள் இந்த ஊரில் தங்கியிருக்கிறார்கள். அவர்கள் விட்டுப்போன பொருட்களை வைத்து ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. துருப்பிடித்த தண்ணீர்க் குடுவைகளுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். நவம்பரில் போனால் இங்கிருந்து கிழக்கே டோய் மே ஊ கோ மலை முழுக்க 'புவா தோங்' என்ற மஞ்சள் பூ. 1263 சாலையில் திரும்ப வேண்டும். அதே சாலை மே ஜேம் போய், அங்கிருந்து தாய்லாந்தின் உயரமான சிகரமான டோய் இந்தனோன் (2,565 மீட்டர்) வழியாகச் சியாங் மாய்க்கு இறங்கும். அழகான பாதைதான், ஆனால் மே ஜேம் பக்க ஏற்றம் இருவரைச் சுமந்த 125 சிசியைத் திணறடிக்கும். இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் மே ஹோங் சோனிலேயே இருங்கள். ஜோங் கம் குளத்தின் கரையில் பர்மியச் சாயலில் ஷான் இனத்தவரின் இரண்டு கோயில்கள். விளக்கேற்றிய பிறகு தண்ணீரில் அவற்றைப் பார்க்க வேண்டும். காலையில் 44 கிலோமீட்டர் வடக்கே பான் ராக் தாய் போய் வரலாம். சீன உள்நாட்டுப் போரில் தோற்று யுனானிலிருந்து வந்த கோமிண்டாங் வீரர்களின் குடும்பங்கள் தேயிலை போட்டுக் குடியமர்ந்த கிராமம். ஏரிக்கரையில் ஊலோங் தேநீரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். கடைசிச் சில கிலோமீட்டர் செங்குத்து, முதல் கியர் வேலை. திரும்பி வந்து மே ஹோங் சோன் சந்தையில் ஷான் டோஃபு ஒரு கிண்ணம் சாப்பிடுங்கள். டோஃபு என்று பெயரே தவிர சோயா இல்லை. கடலை மாவைக் கரைத்துக் கிண்டி, சூடாகக் கூழ் பதத்தில் நூடுல்ஸ் மேல் ஊற்றித் தருவார்கள். முதல் கரண்டியில் பஜ்ஜி மாவு வாசனை அடிக்கும். வீட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்து இதுவா என்று சிரிப்பு வந்தது.

இங்கே உள்ள வணிகச் சங்க அலுவலகத்தில் சின்னக் கட்டணம் வாங்கிக்கொண்டு, 1,864 வளைவுகளைக் கடந்தவர் என்று உங்கள் பெயர் போட்டுச் சான்றிதழ் தருவார்கள். பாதிச் சுற்றில்தான் இருக்கிறீர்கள் என்பதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

நான்காம் நாள், சோப்போங், வெறும் 65 கிலோமீட்டர். வரைபடத்தில் பார்த்தால் கேலியாக இருக்கும். ஓட்டிப் பார்த்தால் தெரியும். வழியில் ஜாபோ கிராமத்தில் பள்ளத்தாக்குக்கு மேலே காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு நூடுல்ஸ் சாப்பிடுகிற கடை. மதியத்துக்குமேல் தாம் லோட் குகை. பிரதான சாலையிலிருந்து 9 கிலோமீட்டர் உள்ளே. விளக்கேந்திய உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். குகைக்குள் ஓடுகிற ஆற்றில் மூங்கில் தெப்பம். சூரியன் இறங்குகிற நேரத்தில் குகையின் மறுவாயில் நில்லுங்கள். ஆயிரக்கணக்கான உழவாரக் குருவிகள் கூட்டுக்குத் திரும்பும், மழைச் சத்தம் மாதிரி.

ஐந்தாம் நாள், பாய், 45 கிலோமீட்டர். ஆறாம் நாள் சியாங் மாய், 130. முதல் நாளில் பயப்படுத்தியிருக்கும் அந்த 762 வளைவுகளை இப்போது சும்மா ஓட்டுவீர்கள். காலை எட்டு, ஒன்பதுக்குள் கிளம்பினால் எதிரே வேன் கூட்டம் ஏறி வரும் முன் நிறைய இறங்கிவிடலாம்.

தாம் லோட் குகைக்குப் போகிற மாலையைத் தவிர, இந்த ஆறு நாளும் ஒரே சட்டம்: நான்கு மணிக்கு வண்டி விடுதியில் நிற்க வேண்டும். டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும்.

சாலையில்

நம்மைப் போலவே இடப்பக்க ஓட்டம். அதனால் பாதிச் சுமை குறைவு. மீதிப் பாதியில் சில வேறுபாடுகள். நம் மலைச்சாலையில் வளைவுக்கு வளைவு ஹாரன் அடிப்போம். அங்கே பெரும்பாலும் அடிக்க மாட்டார்கள், அடித்தால் சண்டைக்கு வருகிறார் என்று நினைப்பார்கள். ஆகவே எதிரே ஒன்றும் வரவில்லை என்று சத்தத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிக்கப் வண்டிகள் நடுக்கோட்டை வெட்டிக்கொண்டு வளைவில் வரும். உங்கள் பாதியின் இடப்பக்கத்திலேயே இருங்கள். அதற்காக ஓரத்து மணலில் ஏறிவிடவும் கூடாது. எதிர் வண்டி விளக்கை மின்னினால் 'நான் வருகிறேன், நீ நில்' என்று பொருள். வழி விடுகிறார் என்று நுழைந்துவிடாதீர்கள்.

ஏறுவது எளிது. விழுவது இறக்கத்தில். ஆட்டோமேட்டிக் ஸ்கூட்டரில் ஆக்சிலேட்டரை முழுதாக மூடி, வேகமும் நடக்கிற அளவுக்குக் குறைந்துவிட்டால், உள்ளே கிளட்ச் விட்டுப்போகும். அப்போது இன்ஜின் வண்டியைப் பிடிக்காது. சைக்கிள் மாதிரி உருளும். மொத்த எடையும் பிரேக்கில். அப்படி உருளுகிறது என்று தெரிந்தால், லேசாக ஒரு தடவை ஆக்சிலேட்டரைக் கொடுத்து மூடுங்கள். 'ம்ம்' என்று இன்ஜின் சத்தம் மாறி வண்டி பின்னால் இழுப்பது உடம்புக்கே தெரியும். வேவ் வண்டியில் இந்தத் தொல்லை இல்லை. இரண்டாம் கியரில் போட்டால் தானே பிடித்துக்கொண்டு இறங்கும். அதனால்தான் பால்காரர் வண்டிக்கு நான் வக்காலத்து வாங்குகிறேன்.

பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இறங்காதீர்கள். வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டுவிட்டு, திரும்புங்கள். திரும்பும்போது முன்பிரேக்கைத் தொட்டால், அங்கே கொஞ்சம் சரளை இருந்தால், பாய் கடைத்தெருவில் உங்களுக்கும் ஒரு வெள்ளைக் கட்டு. கருகல் வாடை வந்தாலோ பிரேக் மெத்தென்று ஆனாலோ நிறுத்திவிடுங்கள். கால் மணி நேரம் ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

பெட்ரோல், சாப்பாடு, பணம்

கிளிக் தொட்டி ஐந்தரை லிட்டர், 200 கிலோமீட்டர் தாராளமாகப் போகும். இருந்தாலும் பாதி குறைந்தால் நிரப்பிவிடுங்கள். 'காவ் நுங்' என்றால் 91 ஆக்டேன் பெட்ரோல், 'தெம் தாங்' என்றால் முழுத் தொட்டி. கிராமங்களில் பாட்டிலிலும் கைப்பம்பிலும் விற்பார்கள், விலை கொஞ்சம் கூட. மொத்தச் சுற்றுக்கும் ஸ்கூட்டருக்குப் பதினைந்து, பதினாறு லிட்டர்தான் ஆகும். டயர் போனால் 'பா யாங்' என்று கேளுங்கள், பஞ்சர் ஒட்டுகிற இடத்தைக் காட்டுவார்கள். அதற்கு எல்லா ஊரிலும் ஆள் உண்டு.

சைவர்களுக்கு ஒரு சொல்: 'ஜே'. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து போட்ட கடை என்றால் முட்டையும் மீன் சாறும் கூட இல்லாத சாப்பாடு. மற்றக் கடைகளில் 'மாய் சாய் நாம் ப்ளா' என்று சொன்னால் மீன் சாறு போட மாட்டார்கள். அசைவர்கள் காவ் சோய் சாப்பிடாமல் வரக் கூடாது: தேங்காய்ப்பால் குழம்பு, நூடுல்ஸ், கோழிக்கால், மேலே பொரித்த நூடுல்ஸ், பக்கத்தில் எலுமிச்சையும் ஊறுகாயும்.

வெளிநாட்டு அட்டைக்கு ஏடிஎம் ஒவ்வொரு தடவையும் 200 பாட்டுக்கு மேல் பிடிக்கும். ஒரே தடவையாக எடுத்துவிடுங்கள். கைபேசியில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். வரைபடம் குறுக்குவழி என்று நான்கு இலக்கச் சாலையைவிடவும் சின்ன சாலையைக் காட்டினால் அதன் பேச்சைக் கேட்காதீர்கள்.

விழுந்தால்

ஆம்புலன்ஸ் 1669, சுற்றுலா போலீஸ் 1155; பின்னதில் ஆங்கிலம் பேசுவார்கள். இரண்டையும் கைபேசியில் பதிந்து, ஹெல்மெட் உள்ளேயும் ஒரு சீட்டில் ஒட்டி வையுங்கள். சின்னச் சிராய்ப்பு என்றாலும் ஊர் மருத்துவமனையில் கழுவிக் கட்டி ரசீது வாங்குங்கள். அந்த ரசீதுதான் இன்சூரன்ஸுக்குச் சாட்சி. இன்னொருவர் மேல் மோதியிருந்தால் குரலை உயர்த்தாதீர்கள். அங்கே சத்தம் போடுகிறவர் பேச்சை யாரும் மதிப்பதில்லை. போலீஸ் வரும்வரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

திரும்பி வந்ததும் கடைக்குப் போகும் முன் வண்டியைக் கழுவ விடுங்கள், பெட்ரோலை எடுத்த அளவுக்கு நிரப்புங்கள். பட்டப்பகலில் கொண்டுபோய்க் கொடுங்கள். மூடுகிற நேரத்தில் போனால் காலையில் பார்த்துச் சொல்கிறோம் என்பார்கள், உங்கள் ரயில் அன்றிரவே இருக்கும். கடைக்காரர் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்க்க ஆரம்பித்ததும் அந்த வீடியோவைத் திறந்து கையில் வைத்துக்கொள்ளுங்கள்.